பச்சையம்மாளின் பட்டினி

"வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு, குத்துகிறதே குடைகிறதே என்று அழுதாளாம்" என்று எங்கள் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்தப் பழமொழியில் வரும் பெண் யாரென்று முன்பு எவருக்கும் தெரியாது. சென்ற அக்டோபர் மாதம் முதல் எங்கள் பள்ளி முழுவதற்கும் தெரியும். அவள் ஒருத்தி அல்லள்; ஐவர். பத்தாம் வகுப்பு விடுதி மாணவியராகிய நாங்களே அந்த ஐவர். எங்கள் மடியில் இருந்ததும் ஓணான் அன்று, பச்சோந்தி.

காலாண்டு விடுமுறை முடிந்து விடுதிக்குத் திரும்பிய முதல் சனிக்கிழமை அது. பள்ளியின் பின்புறம், துவைகல்லருகே துணி துவைத்துக்கொண்டிருந்தோம். அங்கே பல்லாண்டுகளாகக் கிளுவை வேலி ஒன்று உண்டு. சூரையும் ஆவாரையும் அதில் பின்னிக் கிடக்கும். மதிற்சுவர் எழுப்புவதற்காக அதில் பாதியை வெட்டியிருந்தார்கள். வெட்டிய இடத்துச் செம்மண்ணில் ஓர் இலை நடந்து வந்தது. ஆம், இலை என்றுதான் முதலில் நினைத்தோம். ஓரடி எடுத்து வைப்பதும், காற்றில் அசைவது போல முன்னும் பின்னும் ஆடுவதும், பிறகு யோசித்து அடுத்த அடி வைப்பதுமாக அது வந்தது. அதற்கு இரண்டு முழம் தள்ளி ஒரு காகம் கழுத்தைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஐயோ, தொடாதே! விஷம்!" என்று எங்களில் ஒருத்தி அலறினாள். பச்சோந்திக்கு நஞ்சு கிடையாது என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. மற்றொருத்தி துணிச்சல்காரி, கையிலிருந்த வாளியைக் கவிழ்த்துக் காகத்தை விரட்டிவிட்டாள். ஓர் உயிரைக் காப்பாற்றிவிட்டோம் என்ற பெருமை எங்களுக்குத் தாங்கவில்லை. காப்பாற்றியதோடு நின்றிருந்தால் இக்கட்டுரைக்கு வேலையே இருந்திருக்காது. அதனை அந்த வேலியிலேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம். நாங்களோ வாளியில் போட்டுத் தூக்கி வந்துவிட்டோம்.

சமையற்கட்டுக்குப் பின்னாலுள்ள சாமான் அறையில், வலை அடித்த பழைய சாப்பாட்டு அலமாரி ஒன்று கிடந்தது. அதுவே அதன் மாளிகையாயிற்று. பெயர் வேண்டுமே! பச்சையாக இருந்ததால் "பச்சையப்பன்" என்று வைத்தோம். ஆணா பெண்ணா என்று எவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எங்களுக்குச் சொல்லத் தெரியாது. விடுதிச் சகோதரியிடம் மட்டும் சொல்லக்கூடாது என்று முடிவாயிற்று. "இரண்டே நாள் வைத்துக்கொண்டு விட்டுவிடுவோம்" என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம்.

பச்சையப்பனுக்கு நாங்கள் வைத்த விருந்தைக் கேளுங்கள். முதல் நாள் சோறு வைத்தோம். அது பார்க்கவில்லை. வாழைப்பழம் வைத்தோம், பார்க்கவில்லை. மறுநாள் எங்கள் பங்கு அவித்த முட்டையின் மஞ்சட் கருவை உதிர்த்து வைத்தோம். அடித்துப் போட்ட ஈக்களை ஒரு காகிதத்தில் வரிசையாக அடுக்கி வைத்தோம். கொட்டாங்குச்சியில் தண்ணீர் வைத்தோம். எதனையும் அது சட்டை செய்யவில்லை. இடைவேளைதோறும் ஓடிப் போய் வலையில் முகத்தைப் பதித்துக்கொண்டு, "சாப்பிட்டதா? சாப்பிட்டதா?" என்று பார்த்தோம். ஐந்து முகங்கள் என்பது இரகசியம் பரவப் பரவப் பத்தாயிற்று, பன்னிரண்டாயிற்று. தனியாக இருப்பதால்தான் சாப்பிடவில்லை போலும் என்று ஒருத்திக்கு இரக்கம் பிறந்தது. தன் முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொண்டுபோய் அதன் முன் நிறுத்தினாள். அவ்வளவுதான்! பச்சையப்பன் உடம்பை உப்பி, வாயைப் பிளந்து, "உஸ்" என்று சீறிற்று. பச்சையெல்லாம் போய்க் கரிய புள்ளிகளும் பட்டைகளுமாக ஆகிவிட்டது. தோழமைக்கு வைத்த கண்ணாடியில் அது பகைவனைக் கண்டுவிட்டது என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்?

நான்காம் நாள் செவ்வாய்க்கிழமை. அதன் கண்கள் குழிந்துவிட்டன. பயம் பிடித்துக்கொண்டது. "வாயைத் திறந்து ஊட்டிவிடுவோம், எங்கள் தம்பிக்கு அம்மா அப்படித்தான் மருந்து கொடுப்பாள்" என்றாள் ஒருத்தி. ஒருத்தி பிடிக்க, ஒருத்தி கரண்டிக் காம்பை வாயருகே கொண்டுபோக, மற்றொருத்தி பாலை வைத்துக்கொண்டு நிற்க, அந்நேரம் வாசலில் நிழல் விழுந்தது. தோட்டக்காரத் தாத்தா!

"என்ன தாயி பண்றீங்க? வாயில இரும்பை விட்டு நாக்குல காயம் பட்டுச்சுன்னா, அதுக்கு அப்புறம் சோத்துக்கு வழி ஏது? அதுக்குக் கையும் நாக்குதான், கரண்டியும் நாக்குதான்."

எங்கள் கை நின்றது. தாத்தா அதை வாங்கித் தம் தோள் துண்டின் மேல் ஏறவிட்டார். அது அவரைப் பற்றிக்கொண்ட விதத்தை அப்போதுதான் கவனித்தோம். அதன் விரல்கள் ஐந்தும் இரண்டும் மூன்றுமாகச் சேர்ந்து இடுக்கி போல் இருந்தன. வாலும் ஒரு கை போலத் துண்டைச் சுற்றிக்கொண்டது. மரக்கிளைக்கென்றே செய்த உடம்பு. அதனை நாங்கள் தட்டையான பலகையில் நான்கு நாள் உட்கார வைத்திருந்தோம்.

"முதல்ல தண்ணி. அப்புறம் வெயிலு. அப்புறம்தான் தீனி" என்றார் தாத்தா. கிளுவைக் கிளைகளும் பூவரசங் கிளைகளும் வெட்டி வந்து அலமாரிக்குள் குறுக்கும் நெடுக்குமாக நிறுத்தினார். அலமாரியை இருட்டறையிலிருந்து எடுத்து, காலை வெயில் பாதியில் விழும், பாதியில் நிழல் இருக்கும் பின்தாழ்வாரத்தில் வைக்கச் சொன்னார். மூன்று பக்கமும் பழைய தாவணியால் மறைத்தார். பிறகு பூவாளியில் தண்ணீர் எடுத்து, இலைகளின் மேல் தூறல் போல விட்டார். சற்று நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு கண் மெல்லச் சுழன்று இலை நுனியில் தொங்கிய துளியைப் பார்த்தது. மற்றொரு கண் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. பச்சோந்தியின் கண்கள் இரண்டும் தனித்தனியே இரு திசை பார்க்க வல்லவை அல்லவா! அது மெதுவாக முன்னேறித் துளியில் வாய் வைத்தது. ஒரு துளி, இரண்டு துளி, பிறகு விடாமல் குடித்துக்கொண்டே இருந்தது. நான்கு நாள் தாகம்! கொட்டாங்குச்சித் தண்ணீர் பக்கத்திலேயே இருந்தும், தேங்கி நிற்கும் நீரைத் தண்ணீரென்று அது அறியவே இல்லை. பனித்துளியும் மழைத்துளியும் குடித்துப் பழகிய பிராணி அது.

"இனிமே ஒரு நாளைக்கு ஒரு ஆளுதான் கிட்ட வரணும். மத்தவங்க வரக்கூடாது. பத்துப் பேரு சுத்தி நின்னு வாயையே பாத்தா யாருக்குத்தான் சோறு இறங்கும்?" என்றார் தாத்தா. போகும்போது, "சிஸ்டர்கிட்ட இன்னிக்கே சொல்லிடுங்க பிள்ளைங்களா" என்றும் சொன்னார். "நாளைக்குச் சொல்கிறோம் தாத்தா" என்றோம்.

வியாழக்கிழமை அது உண்டது. மருந்து அடிக்காத புல்வெளியிலிருந்து பிடித்த சிறு வெட்டுக்கிளி ஒன்றைக் கிளையில் விட்டோம். வெட்டுக்கிளி ஒரு முறை நகர்ந்தது. அதுவரை இரு திசை பார்த்திருந்த கண்கள் இரண்டும் ஒருசேர முன்னால் திரும்பின. வாய் சிறிது திறந்தது. கண் இமைப்பதற்குள், உடம்பைவிட நீளமான நாக்கு பாய்ந்து திரும்பிவிட்டது, வெட்டுக்கிளியைக் காணோம். நாங்கள் கைதட்டப் போய், தாத்தாவின் கட்டளை நினைவுக்கு வந்து, வாயைப் பொத்திக்கொண்டோம். அசையாத சோற்றையும் செத்த ஈயையும் அது ஏன் பார்க்கவில்லை என்பது இப்போது விளங்கிற்று. அசைவதே அதற்கு உணவு. அதன் இரு கண்களுக்கு இடையிலுள்ள அகலத்தைவிடப் பெரிய பூச்சியைக் கொடுக்கலாகாது என்பதையும், சமையலறைக் கரப்பான் மருந்து தின்றிருக்கலாம் என்பதால் ஆகாது என்பதையும், தின்னாமல் எஞ்சிய பூச்சிகளை மாலையில் எடுத்துவிடாவிட்டால் இரவில் அவை தூங்கும் பச்சோந்தியைக் கடித்துவிடும் என்பதையும் தாத்தாவிடம் கற்றோம். வெள்ளியும் சனியும் நன்றாக உண்டது. சிஸ்டரிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் எடுத்துக்கொண்டு போய்விடுவார்களே! நாளை, நாளை என்று தள்ளிக்கொண்டே வந்தோம்.

இங்கே இன்னொருத்தியைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் உணவு மேசையில் ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி இருந்தாள். கோடியக்கரைப் பக்கத்துக் கடற்கரை ஊர். ஜூன் மாதம் சேர்ந்தது முதலே கொறித்துக்கொண்டுதான் இருந்தாள். காலாண்டு விடுமுறைக்கு வீட்டுக்குப் போய் வந்தபின் அறவே உண்ணவில்லை. தட்டைப் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பாள். மேசைத் தலைவியர் என்ற முறையில் அவளை உண்ண வைப்பது எங்கள் பொறுப்பு. "இத்தனை பேர் சாப்பிடுகிறார்கள், உனக்கு மட்டும் என்ன அடம்?" என்போம். "தட்டு காலியாகாமல் எழுந்திருக்கக் கூடாது" என்போம். மேசை முழுவதும் கையை நிறுத்திவிட்டு அவள் வாயையே பார்க்கும். அவள் ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்துக்கொண்டு விழுங்க மாட்டாமல் கண்ணீர் விடுவாள். பின்தாழ்வாரத்தில் தாத்தா சொன்ன பாடம், உணவறைக்கு வந்து சேர எங்களுக்கு ஒரு வாரம் பிடித்தது என்பதை வெட்கத்தோடு எழுதுகிறோம்.

ஞாயிற்றுக்கிழமை பச்சையப்பன் மீண்டும் உண்ணவில்லை. வெட்டுக்கிளி மூக்கின் முன்னே நடந்தும் திரும்பிப் பார்க்கவில்லை. திங்களும் அப்படியே. தண்ணீர் மட்டும் குடித்தது. இம்முறை நாங்கள் என்ன தவறு செய்தோம்? வெயில் இருந்தது, நிழல் இருந்தது, துளித் தண்ணீர் இருந்தது, உயிருள்ள பூச்சி இருந்தது. எட்டிப் பார்ப்பாரும் இல்லை. ஆயினும் அது கிளையில் நிற்கவில்லை. கீழே இறங்கி, அலமாரியின் தரையில் மூலைக்கு மூலை நடந்தது. முன்னங்காலால் பலகையைச் சுரண்டிற்று. மேலே ஏறும், உடனே இறங்கும், மறுபடி சுரண்டும். தாத்தாவிடம் கேட்கலாமென்றால் அவர் மகள் வீட்டுத் திருமணத்துக்குப் போயிருந்தார். செவ்வாய் இரவு மழை பெய்தது. "செத்துப் போய்விடுமோ" என்று ஒருத்தி போர்வைக்குள் அழுதாள். யாரும் அவளைத் தேற்றவில்லை. எல்லாருக்கும் அதே பயம்தான்.

பன்னிரண்டாம் நாள் புதன்கிழமை விடியற்காலை. எழுச்சி மணிக்கு முன்பே எழுந்து பின்தாழ்வாரத்துக்குப் போனோம். அலமாரியின் எதிரே யாரோ குந்தியிருந்தார்கள். அந்தச் சிறுமிதான்! தூக்கம் வராத விடியல்களில் அவள் தினமும் அங்கே வந்து, எட்ட இருந்து பார்த்துவிட்டுப் போவாளாம். எங்களைக் கண்டதும் எழுந்து ஓடப் பார்த்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, நின்றாள்.

"அக்கா, இதுக்குப் பசி இல்லக்கா. இதுக்கு மண்ணு வேணும்."

நான்கு மாதங்களில் அவள் எங்களிடம் தானாகப் பேசிய முதல் வார்த்தை அதுவே.

"எங்க ஊருல பங்குனி ஆமை கரையேறும்க்கா. ராத்திரியில வரும். இப்படித்தான் அங்கயும் இங்கயும் நடக்கும், மணலைத் தோண்டிப் பாக்கும். சரியா இல்லன்னா விட்டுட்டு வேற இடம் போகும். குழி தோண்டி நூறு முட்டை போடும். அப்ப அது எதையும் பாக்காது. இதோட வயித்தப் பாருங்க, உருண்டை உருண்டையாத் தெரியுது."

குனிந்து பார்த்தோம். விலாவின் தோலுக்கடியில் சிறு சிறு புடைப்புகள், பையில் போட்ட கொட்டைகள் போல, வரிசையாகத் தெரிந்தன. பன்னிரண்டு நாள்களாக அதன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். வயிற்றைப் பார்க்கவே இல்லை. பச்சையப்பன் அன்று, பச்சையம்மாள்!

இனியும் மறைக்க முடியாது. ஐவரும் அந்தச் சிறுமியுமாக விடுதிச் சகோதரியின் அறைக் கதவைத் தட்டினோம். நடந்ததையெல்லாம் சொன்னோம். பேசியது ஒருத்தி, அழுதது மற்ற நால்வர். சகோதரி சத்தம் போடவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டே, "முதலில் அதற்கு மண்ணைக் கொடுங்கள். உங்களுக்குரியதைப் பிறகு கொடுக்கிறேன்" என்றார்கள்.

உயிரியல் டீச்சரும் வரவழைக்கப்பட்டார்கள். பார்த்ததும், "இந்தப் பிள்ளை சொன்னது சரி" என்றார்கள். முட்டையிடும் நாள் நெருங்கினால் பெண் பச்சோந்தி உணவை விட்டுவிடும். மரத்தைவிட்டு இறங்கி, தோண்டுவதற்கு ஏற்ற ஈர மண்ணைத் தேடி அலையும். இடம் கிடைக்காவிட்டால் முட்டைகள் உள்ளேயே தங்கி அதன் உயிரையே வாங்கிவிடும் என்று விளக்கினார்கள். "முதல் நாள் அது வேலியை விட்டு இறங்கி நடந்தது எதற்கென்று நினைக்கிறீர்கள்? அன்றே இடம் தேடித்தான் இறங்கியிருக்க வேண்டும்" என்றார்கள். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. காகத்திடமிருந்து காப்பாற்றினோம் என்று பெருமைப்பட்டோமே, அந்தத் தாயைப் பிரசவத்துக்குப் போகும் வழியில் மறித்துப் பெட்டியில் அடைத்திருக்கிறோம்.

தலைமைச் சகோதரி வனத்துறை அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொன்னார்கள். எடுத்த இடத்திலேயே விட்டுவிடுமாறும், தாங்கள் வந்து பார்ப்பதாகவும் அங்கிருந்து சொன்னார்கள். வெட்டாமல் எஞ்சியிருந்த வேலியின் அடியில் அலமாரியை வைத்துக் கதவைத் திறந்துவிட்டு, மாடித் தூங்கும் அறைச் சன்னலுக்குப் போய்விட்டோம். முறை வைத்துப் பார்த்தோம். பச்சையம்மாள் இறங்கினாள். ஓரிடத்தில் சுரண்டிவிட்டு விட்டாள். இன்னோரிடத்தில் சுரண்டினாள், வேர் தட்டுப்பட்டது போலும், அதையும் விட்டாள். மூன்றாவதாகச் சூரைப் புதரின் ஓரம், முதல் நாள் மழையில் நனைந்த மண்ணில் தோண்டத் தொடங்கினாள். முதலில் தலை மறைந்தது. பிறகு முன்னங்கால்கள் மறைந்தன. மாலையில் வால் நுனி மட்டும் வெளியே தெரிந்தது. அன்று இரவுச் செபத்தில் எங்கள் கருத்து என்னவாக இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மறுநாள் காலை பார்த்தபோது அவள் குழியை மூடிக்கொண்டிருந்தாள். மண்ணை இழுத்துப் போடுவதும் காலால் மிதிப்பதுமாக நண்பகல் வரை அதே வேலை. முடிந்ததும் அங்கே குழி இருந்த அடையாளமே தெரியவில்லை. உடம்பு ஒட்டிப்போய், தோல் தொங்க, ஆடி ஆடிக் கிளுவையின் மேல் ஏறினாள்.

வனக் காவலர் அன்று பிற்பகல் வந்தார். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி பச்சோந்தியைப் பிடிப்பதும் வளர்ப்பதும் விற்பதும் குற்றம் என்று எங்களை நிற்க வைத்துச் சொன்னார். அறியாமல் செய்ததாலும் தாங்களாகவே சொன்னதாலும் இம்முறை எச்சரிக்கையோடு விட்டார். முட்டை இருக்கும் இடத்தை நாயும் கீரியும் அண்டாதபடி முள் வைத்து அடைக்கச் சொன்னார். சுற்றிலும் முள் அடைத்துவிட்டு, திருமணத்திலிருந்து திரும்பிய தாத்தா செய்த முதல் வேலை, பூவாளியை எடுத்துக் கிளுவை இலைகளை நனைத்ததுதான். பிள்ளை பெற்றவளுக்கு முதலில் தண்ணீர் வேண்டுமாம். சனிக்கிழமை மாலை, கிளுவைக் கிளையில் ஒரு நாக்கு பாய்ந்து திரும்பியதை எங்களில் இருவர் கண்ணால் கண்டோம். இம்முறை கைதட்டினோம், அவ்வளவு தொலைவில் நின்றிருந்தோம்.

பின்னர் உயிரியல் டீச்சர் வகுப்பில் சொன்னவற்றையும் தோழியருக்காகச் சுருக்கமாக எழுதுகிறோம். உலகில் இருநூறுக்கும் மேற்பட்ட பச்சோந்தி இனங்கள் உள்ளன. ஏறத்தாழப் பாதி மடகாஸ்கர் தீவில் வாழ்கின்றன. இந்தியாவில் இயற்கையாக வாழ்வது ஒரே ஓர் இனம். இலங்கையிலும் அது உண்டு. அதற்கு 1768-இல் அறிவியற் பெயர் இடப்பட்டது. ஏமன் நாட்டு இனத்தையும் மடகாஸ்கர் இனத்தையும் சில வெளிநாடுகளில் கூண்டிலேயே இனப்பெருக்கம் செய்து வளர்க்கிறார்கள். அவை உண்ணாமற் போனால் வளர்ப்பவர்கள் முதலில் வாயைப் பார்ப்பதில்லை, இருப்பிடத்தைப் பார்ப்பார்கள். கண் குழிந்திருந்தாலும், எச்சத்தின் வெண்பகுதி ஆரஞ்சு நிறமானாலும் தண்ணீர் போதவில்லை என்று பொருள். உடம்பு வெயிலில் சூடேறாவிட்டால் தின்றது செரிக்காது. ஆகவே பசியும் எடுக்காது. வெயிலிலுள்ள புறஊதாக் கதிர் இல்லாவிட்டால் சுண்ணாம்புச் சத்து உடம்பில் சேராது. எலும்பும் தாடையும் மெலிந்து, நாக்கை எறியவும் வலுவிராது. கண்ணாடிச் சன்னல் வழியே விழும் வெயில் இதற்கு உதவாது. மறைந்துகொள்ள இலை இல்லாவிட்டாலும், ஓயாமல் கையில் எடுத்தாலும், இன்னொரு பச்சோந்தியோ தன் நிழலுருவோ எதிரே நின்றாலும் உணவு இறங்காது. ஒரே பூச்சியை நாள்தோறும் கொடுத்தாலும் வெறுத்துவிடும். வயிற்றில் புழு இருக்கலாம். வாயில் புண் இருக்கலாம். அதற்குக் கால்நடை மருத்துவர் வேண்டும். இவை ஒன்றும் இல்லையென்றால் முட்டையாக இருக்கலாம். வலிய ஊட்டுவது மட்டும் ஆகாது.

இன்னொன்றும் சொன்னார்கள். பேச்சுப் போட்டிகளில் நிலையில்லாதவரைப் "பச்சோந்தி" என்று நாங்களும் ஏசியிருக்கிறோம். பச்சோந்தி பிறரை ஏமாற்றுவதற்காக நிறம் மாறுவதில்லை. அச்சம், சினம், வெயில், குளிர் என்று உடம்பும் உள்ளமும் படும் பாடே அதன் தோலில் தெரிகிறது. அதன் தோலிலுள்ள நுண்ணிய படிகங்களின் இடைவெளி மாறும்போது நிறமும் மாறுகிறது என்று, மடகாஸ்கர் இனம் ஒன்றை ஆராய்ந்த ஜெனீவாப் பல்கலைக்கழகத்தார் 2015-இல் வெளியிட்டார்கள். எங்கள் பச்சையம்மாள் கறுத்துக் காட்டியபோதெல்லாம் உண்மையைத்தான் சொன்னாள். உள்ளதை மறைத்தவர்கள் நாங்கள்.

அந்தச் சிறுமியின் கதைக்கு வருவோம். அன்று முதல் அவளை உண்ணச் சொல்லி நாங்கள் கேட்பதில்லை. கூட்டத்தின் நடுவிலிருந்து எடுத்து, சன்னலோரம் அவள் வகுப்புத் தோழி ஒருத்தியோடு உட்கார வைத்தோம். அவள் பக்கம் திரும்பாமல் எங்கள் தட்டைப் பார்த்து நாங்கள் உண்டோம். இரவில் பாடம் முடிந்தபின் கடலைப் பற்றியும் ஆமையைப் பற்றியும் கேட்டோம். அப்போதுதான் ஒன்று தெரிந்தது. வீட்டில் அவளுக்கு ஒரு தம்பி. அவனுக்கு ஊட்டிவிட்டுத்தான் அவள் உண்பது வழக்கம். அவன் இல்லாத தட்டு அவளுக்குத் தட்டாகவே தெரியவில்லை. அவள் வயிற்றிலா குறை இருந்தது? விடுதிச் சகோதரியிடம் சொன்னோம். அவர்கள், ஞாயிறுதோறும் தம்பியோடு தொலைபேசியில் பேச அனுமதி தந்தார்கள். உணவறையில் சிறிய வகுப்பாருக்குக் குழம்பு பரிமாறும் வேலையையும் அவளிடம் கொடுத்தார்கள். ஒரே நாளில் எல்லாம் மாறிவிடவில்லை. நவம்பரில் ஒரு நாள், பரிமாறி முடித்துவிட்டு அவள் தானே உட்கார்ந்து, இரண்டாம் முறை சோறு கேட்டாள். மேசையில் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பது எவ்வளவு கடினம் என்பது எங்களுக்குத்தான் தெரியும்!

உண்ணாதவரைக் கண்டால் "அடம்" என்று சொல்லிவிடுவது எளிது. வாய் மூடியிருப்பதும் ஒரு பேச்சுத்தான். தாகம் என்கிறதா, குளிர் என்கிறதா, அச்சம் என்கிறதா, மண் வேண்டும் என்கிறதா, தம்பி வேண்டும் என்கிறதா என்று கேட்பதற்குப் பொறுமை வேண்டும். கரண்டியை எடுப்பதற்குப் பொறுமை வேண்டியதில்லை.

சகோதரி எங்களுக்குத் தருவதாகச் சொன்னது என்னவாயிற்று என்று கேட்பீர்கள். ஒரு மாதம் கழித்துக் கூப்பிட்டு, "நடந்ததை ஒன்றும் மறைக்காமல் எழுதி ஆண்டு மலருக்குக் கொடுங்கள்" என்றார்கள். இக்கட்டுரையே எங்கள் தண்டனை.

மதிற்சுவர் இரு பக்கமும் எழும்பிவிட்டது. சூரைப் புதர் இருக்கும் இடத்தில் மட்டும் வேலை நிற்கிறது. முட்டை பொரியும் வரை அந்த வேலியைத் தொடக்கூடாது என்பது தலைமைச் சகோதரியின் உத்தரவு. பச்சோந்தி முட்டை பொரியப் பல மாதங்கள் ஆகும் என்கிறார் டீச்சர். இம்மலர் உங்கள் கைக்கு வரும்போது நாங்கள் அரசுத் தேர்வு எழுதிவிட்டு, பெட்டி கட்டிக்கொண்டிருப்போம். குஞ்சுகள் மண்ணைப் பிளந்து வருவதைக் காண எங்களுக்குக் கொடுத்துவைக்கவில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து ஏழாம் வகுப்புக்குப் போகும் ஒருத்தி அதனைக் காண்பாள். முள் அடைப்பைச் சரிபார்க்கும் பொறுப்பை அவளிடம் ஒப்படைத்திருக்கிறோம். எட்ட நின்று பார்க்க அவளுக்கு நாங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை.